கடையில் பொய் பிடிக்கிற மெஷின் கொண்டு வருகிறார்களாம், தம்பி உட்காரலாமா?

கொட்டகலை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராகவே கேட்கிறேன். என் தம்பிக்கு 22 வயது. ஓ லெவல் முடித்ததும் தோட்டத்தில் பேர் போட மாட்டேன் என்று கொழும்புக்குப் போனவன், மூன்று வருடமாகப் புறக்கோட்டைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் நிற்கிறான். முதலில் மூட்டை தூக்கினான். போன வருடம்தான் கஷியருக்கு உதவியாகப் போட்டார்கள், அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இரண்டு வாரத்துக்கு முன் கல்லாவில் 185,000 ரூபாய் குறைந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கெமரா வேலை செய்யவில்லையாம். கடையில் மொத்தம் 12 பேர். இப்போது முதலாளி வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்து, வருகிற சனிக்கிழமை பொலிகிராப் மெஷின் கொண்டுவந்து எல்லோரையும் உட்கார வைக்கப் போகிறாராம். உட்கார மறுக்கிறவன்தான் கள்ளன் என்று பேச்சு. அதற்கு முன்னால் சிங்களத்தில் ஒரு கடிதத்தில் கையெழுத்து வேறு. இந்த மாதச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

தம்பி எடுக்கவில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவனை எனக்குத் தெரியும். ஆனால் அவன் வகுப்பில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டாலே வேர்த்துக் கொட்டுகிற பிள்ளை. "நான் எடுக்கல அக்கா, ஆனா மெஷின் என்ன காட்டுமோ" என்று ராத்திரி போனில் அழுகிறான். அம்மா, "பொய் சொல்லாதவனுக்கு என்ன பயம், போய் உட்காரச் சொல்லு" என்கிறார். அந்த மெஷினை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்:

அக்கா, முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் போய்விடும். (மீதிப் பாதி கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) கையில் பிரஷர் பார்க்கிற பட்டி ஒன்று, நெஞ்சிலும் வயிற்றிலும் மூச்சைப் பார்க்க இரண்டு குழாய், விரலில் வேர்வையைப் பார்க்க இரண்டு தகடு. அவ்வளவுதான். பிரஷர், நாடித்துடிப்பு, மூச்சு, வேர்வை இந்த நான்கும் கோடாக ஓடும். பொய்க்கு என்று தனிக் கோடு ஒன்றும் கிடையாது. பயந்தாலும் கோடு ஏறும், கோபம் வந்தாலும் ஏறும், அவமானமாக இருந்தாலும் ஏறும்.

எங்கள் கிளினிக்குக்கு வருகிற ஆச்சிமார் வீட்டில் 130 இருக்கிற பிரஷரை என் முன்னால் 160 காட்டுவார்கள். வெள்ளை உடுப்பைக் கண்டதும் ஏறுகிறது, அதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, "பேத்திக்குக் கல்யாணமாமே ஆச்சி" என்று கதை கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்ப்போம், இறங்கியிருக்கும். என் முன்னாலேயே இப்படி என்றால், சம்பளத்தை நிறுத்தி வைத்த முதலாளி பக்கத்து அறையில் இருக்கும்போது 22 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்று, தம்பிக்கு வீசிங் இருக்கிறதா? எந்தப் பாஷையில் கேள்வி கேட்பார்கள்?

கொட்டகலை அக்கா:

சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்பவும் குளிருக்குப் பம்ப் அடிப்பான். கேள்வி சிங்களத்திலாம். கடைச் சிங்களம் நன்றாகப் பேசுவான், ஆனால் விலை பேசுவதும் விசாரணைக்குப் பதில் சொல்வதும் ஒன்றா?

முன்னாள் செக்யூரிட்டி:

எல்லோரும் மெஷினைத் திட்டுவதற்கு முன் என் அனுபவத்தையும் கேளுங்கள். நான் வெளிநாட்டில் ஒரு கோடவுனில் ஆறு வருடம் செக்யூரிட்டி. அங்கே போன் பெட்டிகள் காணாமல் போய் இப்படித்தான் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மெஷினை மேசையில் வைத்து வயரை எல்லாம் பிரித்துப் போட்டதும், இன்னும் யாரையும் உட்கார வைக்கவே இல்லை, ஒருத்தன் தானாக வந்து ஒப்புக்கொண்டான். பெட்டிகளும் கிடைத்தன. அதனால் "சும்மா" என்று சொல்லாதீர்கள். தம்பி சுத்தம் என்றால் உட்காரட்டும். உட்காராவிட்டால் பெயர் கெடும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும் என்றுதான் மெஷின் கொண்டுவந்த ஆள் சொன்னார்.

ஹப்புத்தளை கணக்கு:

அண்ணே, உங்கள் கதையிலேயே மெஷின் ஒன்றும் பிடிக்கவில்லையே. பிளக் கூடச் சொருகவில்லை. பிடித்தது அவனுடைய பயம். அந்த மேசையில் பழைய ரேடியோ ஒன்றை வைத்திருந்தாலும் அவன் ஒப்புக்கொண்டிருப்பான்.

சரி, அந்தத் தொண்ணூறுக்கு வருவோம், நான் கணக்கு வாத்தி, விடமாட்டேன். வாதத்துக்காக அதை அப்படியே நம்புவோம். கடையில் 12 பேர், எடுத்தது ஒருவர் என்று வையுங்கள். உண்மைக் கள்ளன் மாட்டுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. நல்லது. ஆனால் மீதிப் பதினொரு பேரிலும் பத்து வீதம் தவறாகக் காட்டும் அல்லவா? பதினொன்றில் பத்து வீதம் என்றால் சராசரியாக ஒருவருக்குக் கொஞ்சம் மேலே. ஆக மெஷின் "இவன் பொய் சொல்கிறான்" என்று காட்டுகிற ஆள் உண்மையில் எடுத்தவனாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. பூவா தலையா போடுவதைவிட மோசம். அதுவும் எடுத்தது அந்தப் 12 பேரில் ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டால். முதலாளியின் மகனோ மச்சானோ எடுத்திருந்தால்? அவர்களையும் உட்கார வைக்கிறார்களா என்று தம்பியிடம் கேளுங்கள்.

இது என் கற்பனைக் கணக்கில்லை. அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 2003இல் இதைப் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டது. அதில் ஓர் உதாரணம்: 10,000 ஊழியர்களில் 10 உளவாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் எட்டுப் பேரையாவது பிடிக்கிற மாதிரி மெஷினை இறுக்கி வைத்தால், கூடவே ஏறக்குறைய 1,600 அப்பாவிகளும் மாட்டுவார்கள். அப்படியும் இரண்டு உளவாளி தப்பிவிடுவான். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது மெஷின் குருட்டுக் கணிப்பைவிட நன்றாகவே செய்கிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் ஒருவன் வேலையையும் பெயரையும் அதை நம்பி வைக்கிற அளவுக்கு அது வரவில்லை.

தப்பியவர்கள் கதையும் உண்டு. அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத்துக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்த டெஸ்டில் பாஸ். 1994இல்தான் பிடிபட்டார். எப்படித் தப்புவது என்று கேட்டதற்கு, நன்றாகத் தூங்கிவிட்டுப் போய் டெஸ்ட் எடுப்பவரிடம் சிநேகமாகப் பேசு என்பதுதான் சோவியத்துக்காரர்கள் கொடுத்த யோசனையாம். அப்புறம் கேரி ரிட்ஜ்வே, பல பெண்களைக் கொன்றவன், 1984இல் பாஸானான். 2001இல் டிஎன்ஏதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. நெஞ்சில் ஈரம் இல்லாதவனுக்குக் கோடு ஏறாது, உங்கள் தம்பி மாதிரி ஆட்களுக்குத்தான் ஏறும்.

மஸ்கெலியா தாத்தா:

மகள், நீங்கள் எழுதியதைப் பேரன் வாசித்துக் காட்டினான், நான் சொல்ல அவன்தான் டைப் செய்கிறான்.

எங்கள் தோட்டத்தில் 1970களில் கங்காணி வீட்டில் ஒரு சோடித் தோடு காணாமல் போனது. மை போட்டுப் பார்க்க ஆள் கூட்டி வந்தார்கள். வெற்றிலையில் மையைத் தடவி ஒரு சின்னப் பையனைப் பார்க்கச் சொன்னார் அந்த ஆள். "வடக்கே வாசல் வைத்த காம்பரா தெரியுது" என்றான் பையன். எங்களது ரெட்டை லயம், முதுகோடு முதுகாக இரண்டு வரிசை வீடு. பாதிக் காம்பராவுக்கு வாசல் வடக்கேதான்! ஆனால் அதை யாரும் யோசிக்கவில்லை. கங்காணி வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகிற ஒரு பெண் அந்தப் பக்கத்தில் இருந்தாள், எல்லோர் கண்ணும் அவள்மேல். மாடசாமி கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தாள். கை நடுங்கியது. நடுங்கியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், சத்தியத்தை யாரும் கேட்கவில்லை. தோடு கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்தப் பெண் மலையில் கொழுந்து எடுத்து, பென்ஷன் போய், செத்தும் போனாள். இன்றைக்கும் அவள் பேரன்மாரை "தோட்டுக்காரி வீடு" என்றுதான் சொல்கிறார்கள்.

அரிசி மந்திரித்துக் கொடுப்பதும் பார்த்திருக்கிறேன். எல்லோர் வாயிலும் ஒரு பிடி பச்சரிசி, மென்று துப்ப வேண்டும். யாருடைய அரிசி காய்ந்து விழுகிறதோ அவன் கள்ளன்.

நைட் டியூட்டி நர்ஸ்:

தாத்தா சொன்ன அரிசியும் இந்த மெஷினும் ஒரே வேலைதான் செய்கின்றன. பயந்தால் எச்சில் வற்றும், உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், எல்லாம் ஒரே நரம்புகளின் வேலை. அங்கே வாயைப் பார்த்தார்கள், இங்கே விரலைப் பார்க்கிறார்கள். 1921இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பொலிஸில் இருந்த ஜோன் லார்சன் என்பவர் இந்த மெஷினைச் செய்தார், பிற்காலத்தில் அது பயன்படுத்தப்பட்ட விதத்தை அவரே கடுமையாகக் குறை சொன்னார்.

முன்னாள் செக்யூரிட்டி:

தாத்தா கதை மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மையும் மெஷினும் ஒன்றா? இவர்கள் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை. முதலில் பெயர், ஊர் மாதிரிச் சாதாரணக் கேள்விகள், நடுவில் "வாழ்க்கையில் எப்போதாவது அடுத்தவர் பொருளை எடுத்திருக்கிறாயா" என்று ஒன்று, அப்புறம்தான் காசைப் பற்றி. மூன்றையும் ஒப்பிட்டுத்தானே முடிவு சொல்கிறார்கள்? பயந்த ஆள் என்றால் எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரிப் பயப்படுவான், அது தெரியும் என்றார்கள்.

ஹப்புத்தளை கணக்கு:

நல்ல கேள்வி அண்ணே, இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த நடுக் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் தடுமாறுவோம், சின்ன வயதில் கொய்யாக்காய் பறிக்காதவன் யார்? எடுக்காதவன் அந்தக் கொய்யாக்காய்க் கேள்விக்கு அதிகம் தடுமாறுவான், எடுத்தவன் காசுக் கேள்விக்கு அதிகம் தடுமாறுவான் என்பதுதான் அவர்களுடைய நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள். எடுக்காத தம்பிக்கும் எந்தக் கேள்வியில் வேலை போகும் என்று தெரியும். கொய்யாக்காய் திருடியதற்கு யாரும் சம்பளத்தை நிறுத்தவில்லை. அவன் நெஞ்சு எந்தக் கேள்விக்கு அடிக்கும்?

இதைவிட உருப்படியான ஒரு முறை இருக்கிறது. டேவிட் லிக்கன் என்ற உளவியல்காரர் 1959இல் எழுதியது, ஜப்பான் பொலிஸில் இன்றும் அதிகம் பயன்படுத்துகிறார்கள். எடுத்தாயா என்றே கேட்க மாட்டார்கள். காசு இருந்தது சிவப்புப் பையிலா, நீலப் பையிலா, பிஸ்கட் டின்னிலா என்று வரிசையாகக் கேட்பார்கள். எடுத்தவனுக்கு மட்டும்தான் எது சரி என்று தெரியும், மற்றவனுக்கு எல்லாப் பையும் ஒன்றுதான். ஆனால் அதற்கு விஷயம் வெளியே கசிந்திருக்கக் கூடாது. இரண்டு வாரமாகக் கடை முழுக்க இதையே பேசியிருப்பார்கள், எந்த லாச்சி, எந்தக் கட்டு என்று டீ கொண்டுவருகிற பையனுக்கும் தெரிந்திருக்கும். இனி அதுவும் உதவாது.

லோயர் ஒபிஸ் கிளார்க்:

கண்டியில் ஒரு லோயரிடம் 15 வருடமாகக் கிளார்க் வேலை. நான் லோயர் இல்லை, அதனால் இதை வைத்து முடிவெடுக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், இலவசம். ஆனால் நீங்கள் எல்லோரும் மெஷினையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அந்தச் சிங்களக் கடிதம்தான்.

நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, 1895ஆம் ஆண்டுச் சட்டம். சாதாரண வழக்கில் பொலிஸ்காரரிடம் "நான்தான் எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டதை வைத்து ஒருவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அடித்து வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் முதலாளியிடம் எழுதிக் கொடுத்தால் இந்தப் பிரிவு காப்பாற்றாது. பயமுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கியது என்று 24ஆம் பிரிவில் வாதாட வழி உண்டு, ஆனால் அது நம் தலையில் விழுகிற வேலை. மெஷின் கோணலாகக் காட்டுகிறது, டெஸ்ட் எடுத்தவர் "பார் தம்பி, சிவப்பு விழுந்துவிட்டது, ஒத்துக்கொண்டால் பொலிஸுக்குப் போக மாட்டோம், மாதம் மாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார், பிள்ளை பயந்து கையெழுத்துப் போடுகிறான். இதுதான் நடக்கிற கதை. மெஷின் காட்டுகிற கோடுகளை வைத்து அவனை ஒன்றும் செய்ய முடியாது, கையெழுத்தை வைத்துச் செய்யலாம்.

வெளிநாட்டு நிலைமையும் சொல்கிறேன், முதலாளி "எல்லா நாட்டிலும் செய்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். அமெரிக்காவிலேயே 1988இல் சட்டம் போட்டுப் பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களை இதில் உட்கார வைப்பதைத் தடுத்துவிட்டார்கள். களவு விசாரணைக்கு விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அதற்கும் ஆயிரம் நிபந்தனை, மறுத்ததற்காக மட்டும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. இந்தியாவில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், சம்மதம் இல்லாமல் யாரையும் இந்த டெஸ்டுக்கு உட்படுத்தக் கூடாது என்றும், சம்மதித்து எடுத்தாலும் அந்த முடிவையே சாட்சியமாக வைக்க முடியாது என்றும் தீர்ப்புச் சொன்னது. பொலிஸே வற்புறுத்தக் கூடாது என்றால் கடை முதலாளி யார்?

தம்பி செய்ய வேண்டியது: சண்டை போடாமல், மரியாதையாக, "ஐயா, விசாரணைக்கு நான் ஒத்துழைக்கிறேன், கணக்குப் புத்தகம் பாருங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், நான் வந்து வாக்குமூலம் தருகிறேன், ஆனால் வாசிக்கத் தெரியாத கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது, தமிழில் தாருங்கள், ஒரு பிரதியும் தாருங்கள்" என்று சொல்லட்டும். வட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பட்டும், ஆதாரம் இருக்கும். சம்பளத்தை நிறுத்தியது தனி விஷயம். கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, லேபர் ஒபிஸில் முறைப்பாடு கொடுக்கலாம். அவனாக "நான் விலகுகிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு கோபம் வந்தாலும்.

கொட்டகலை அக்கா:

கிளார்க் அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவுக்குத் தாத்தா சொன்ன தோட்டுக் கதையை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியும்டி" என்கிறார். எங்கள் ஆச்சி மஸ்கெலியாப் பக்கம்தான். அம்மா சொல்வது தாத்தா சொன்னவர்தானா, வேறு யாராவதா தெரியவில்லை, எந்தத் தோட்டத்தில் இப்படி ஒருத்தி இல்லை.

கொட்டகலை அக்கா:

சனிக்கிழமை இரவு. நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் வந்ததாம், ஒரு லெப்டொப்பும் வயரும். முதலில் நான்கு பேரை உட்கார வைத்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முதலாளியின் மச்சான் அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஹப்புத்தளை சேர் கேட்கச் சொன்னதால்தான் தம்பி அதைக் கவனித்தான். தம்பியின் முறை வந்ததும் கடிதத்தைத் தமிழில் கேட்டிருக்கிறான். குரல் நடுங்கியதாம், ஆனாலும் கேட்டிருக்கிறான். பிறகு தருகிறோம் என்றார்களாம். அப்படியென்றால் தந்த பிறகு உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். மூட்டை தூக்குகிற இரண்டு பிள்ளைகளும் அவனைப் பார்த்து அதையே கேட்டிருக்கிறார்கள். முதலாளி கத்தினாராம், ஆனால் வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. உட்கார்ந்த நாலு பேருக்கும் என்ன வந்தது என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

நாளைக்கு வீட்டுக்கு வருகிறான். திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு லேபர் ஒபிஸ் போகலாம் என்று இருக்கிறேன். நியமனக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. ஈ.பி.எப். (சேமலாப நிதி) இலக்கம் இருக்கிறது, சம்பளத் துண்டு மூன்று மாதத்துக்குப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். இது போதுமா?

முன்னாள் செக்யூரிட்டி:

தங்கச்சி, மச்சானை விட்டுவிட்டார்கள் என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் கோடவுனில் மனேஜரும் உட்காருவதாக இருந்தது.

லோயர் ஒபிஸ் கிளார்க்:

போதும். அடையாள அட்டையும், கடை விலாசம் உள்ள பில் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அவர் வேலை செய்த இடம் கொழும்பு என்பதால் அங்கே உள்ள ஒபிஸுக்கு அனுப்பச் சொல்வார்களா என்று போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள், வீணாகப் பஸ் காசு போகும்.

நைட் டியூட்டி நர்ஸ்:

பம்பையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள் அக்கா, இங்கே இரண்டு நாளாகச் சரியான குளிர்.